பல்லுக்கும் ஒரு பட்டம்

சில படிப்புகளின் பெயரைச் சொன்னவுடன் பேச்சு முடிந்துவிடும். மருத்துவம், பொறியியல், சட்டம் என்றால் கேட்டவர் தலையசைத்துவிட்டு வேறு செய்திக்குப் போய்விடுவார். வேறு சில படிப்புகளின் பெயரைச் சொன்ன பிறகுதான் பேச்சே தொடங்கும். தமிழ் இலக்கியம் படித்த வீடு எங்களுடையது. இரண்டாவது வகை எங்களுக்கு நன்கு பழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் அந்த வகையில் இன்னொரு படிப்பும் எங்கள் குடும்பத்தில் சேர்ந்துகொண்டது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்து வளர்ந்த எங்கள் அண்ணன் மகள் அங்கே இளநிலைப் பட்டத்துக்குத் தேர்ந்தெடுத்த துறையின் பெயர் 'டென்டல் ஹைஜீன்'.

"பல் டாக்டருக்கா படிக்குது?" என்பார்கள் உறவினர். இல்லை. "அப்போ நர்ஸா?" அதுவும் இல்லை. "டாக்டருக்குப் பக்கத்துல சாமான் எடுத்துக் குடுத்துக்கிட்டு நிக்குமே, அந்தப் பொண்ணா?" அதுவும் இல்லை. மூன்று 'இல்லை'களுக்குப் பிறகு, பல்லையும் ஈறையும் தூய்மை செய்து நோய் வராமல் காக்கிறவர் என்று விளக்கத் தொடங்கினால், வாக்கியத்தின் பிற்பாதியை யாரும் கேட்பதில்லை. 'தூய்மை செய்து' என்ற இடத்திலேயே முகம் சற்றுச் சுருங்கிவிடும். "இதுக்கா அமெரிக்காவுல நாலு வருஷம்?"

அந்தச் சுருக்கத்துக்கு எங்கள் மொழியில் ஒரு வரலாறு இருக்கிறது. திருக்குறளில் 'துப்புரவு' என்ற சொல்லுக்கு நுகர்வதற்குரிய பொருள் என்று பொருள். வறுமையைப் பேசும் இடத்தில் அது வருகிறது. துப்புரவு இல்லாதவர் என்றால் உண்ணவும் உடுக்கவும் வகையற்றவர். அதே சொல் காலப்போக்கில் தூய்மையைக் குறிக்க வந்தது. பிறகு தெருவையும் சாக்கடையையும் தூய்மை செய்வோரின் வேலைக்குப் பெயராகி, அவர்கள்மேல் சமூகம் சுமத்திய இழிவையும் சேர்த்துச் சுமக்கத் தொடங்கியது. தமிழ்நாட்டில் அண்மை ஆண்டுகளில் அப்பணியாளரின் பெயரைத் 'தூய்மைப் பணியாளர்' என்று மாற்றினார்கள். சொல்லை மாற்றலாம், தூய்மை செய்கிற கையைத் தாழ்வாகப் பார்க்கும் கண்ணை அரசாணையால் மாற்ற இயலாது. அழுக்காக்குபவருக்கு இல்லாத இழிவு அழுக்கை எடுப்பவருக்கு உண்டு என்கிற விசித்திரக் கணக்கு நம்முடையது. வாயின் அழுக்கும் அந்தக் கணக்கில் வந்துவிடுகிறது.

இந்தத் தொழிலைத் தொடங்கியவருக்கும் பெயர்தான் முதல் கவலையாக இருந்திருக்கிறது. ஆல்ஃபிரட் ஃபோன்ஸ் கனெக்டிகட்டின் பிரிட்ஜ்போர்ட் நகரில் பல் மருத்துவராக இருந்தவர். பல் கெட்ட பிறகு பிடுங்குவதும் அடைப்பதும் மட்டுமே மருத்துவமாக இருந்த காலம் அது. பிலடெல்பியாவைச் சேர்ந்த டி. டி. ஸ்மித் என்ற மருத்துவர், முறையாகத் தூய்மை செய்துவந்தால் பல் நோய்களை வருமுன் தடுக்கலாம் என்று காட்டிவந்தார். அவரிடம் இதைக் கற்ற ஃபோன்ஸ், தம் உதவியாளரும் உறவினருமான ஐரீன் நியூமன் என்ற பெண்ணுக்கு 1906இல் அந்தப் பயிற்சியை அளித்தார். அப்போது இத்தகைய பணியாளருக்குப் 'பல் செவிலி' என்ற பெயரைச் சிலர் முன்மொழிந்திருந்தனர். ஃபோன்ஸ் அதை ஏற்கவில்லை. செவிலி என்றால் நோயாளி நினைவுக்கு வருவார். தாம் உருவாக்குகிறவர் நோய் வராமல் காப்பவர் என்பது அவர் எண்ணம். கிரேக்கத் தொன்மத்தில் மருத்துவக் கடவுளின் மகளாகவும் உடல்நலத்தின் தெய்வமாகவும் விளங்கும் ஹைஜியாவின் பெயரிலிருந்து பிறந்த சொல்லை அவர் எடுத்துக்கொண்டார்.

1913 நவம்பரில், தம் மருத்துவமனையை ஒட்டிய கார் கொட்டகையில் அவர் முதல் வகுப்பைத் தொடங்கினார். 1914இல் 27 பெண்கள் பயிற்சி முடித்து வெளியே வந்தனர். அவர்களில் பலர் நகரத்துப் பள்ளிகளுக்குச் சென்று பிள்ளைகளின் பல்லைத் தூய்மை செய்ததோடு துலக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். தூய்மை செய்வதும் கற்பிப்பதும் இந்தத் தொழிலில் முதல் நாளிலிருந்தே ஒட்டிப் பிறந்தவை. 1917இல் கனெக்டிகட் இத்தொழிலுக்கு வழங்கிய முதல் உரிமம் ஐரீன் நியூமனுக்குக் கிடைத்தது. எல்லா இடத்திலும் இது இவ்வளவு எளிதாக நடக்கவில்லை. ஒஹையோவில் 1910இல் தொடங்கிய இதுபோன்ற பயிற்சி, பல் மருத்துவர்களின் எதிர்ப்பால் சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டது.

அண்ணன் வீட்டில் எழுந்த எதிர்ப்பு இரண்டு திசைகளிலிருந்து வந்தது. அண்ணனுக்கு மகள் பல் மருத்துவராக வேண்டும். நான்காண்டு இளநிலை, அதன்மேல் நான்காண்டு பல் மருத்துவக் கல்லூரி. கடன் ஆகும், ஆனால் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' வரும். அவருடைய நண்பர் ஒருவருக்கு நேரெதிரான கேள்வி. அமெரிக்காவில் இந்தத் தொழிலுக்கான உரிமம் பெற நான்காண்டுப் பட்டம் கட்டாயமில்லை. சமுதாயக் கல்லூரிகளில் முன்தேவைப் பாடங்களையும் சேர்த்து ஏறக்குறைய மூன்று ஆண்டுகளில் முடிகிற இணைநிலைப் பட்டம் போதும். அதே தேசியத் தேர்வு, அதே உரிமம், அதே நாற்காலி. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகம் 2023ஆம் ஆண்டுக்குக் கணக்கிட்ட நடு ஊதியம் ஆண்டுக்கு 87,530 டாலர். பெரும்பாலோர் அந்தச் சிறிய படிப்போடு பெறுகிற ஊதியம் அது. பிறகு எதற்கு இன்னும் ஓர் ஆண்டும் அதற்கான கட்டணமும்? மேலே போனால் மருத்துவராகலாம், கீழே இருந்தால் பணம் மிச்சம். நடுவில் நிற்கிற இந்தப் பட்டம் யாருக்கு? தொலைபேசியில் அண்ணன் எங்களிடம் இதைப் பலமுறை கேட்டிருக்கிறார். கேள்வியில் நியாயம் இருந்ததால் நாங்களும் அதைத் தள்ளிவிடவில்லை.

2023 கோடை விடுமுறையில் அங்கே சென்றிருந்தபோது விடையின் ஒரு பகுதி எங்களில் ஒருவரின் வாய்க்குள்ளேயே கிடைத்தது.

அவர்கள் படிப்பில் கல்லூரிக் கிளினிக்குக்கு நோயாளிகளை மாணவர்களே தேடிக் கொண்டுவர வேண்டும். அதிலும் எளிய வாய், நடுத்தரம், கடினம் என்று வகை உண்டு. ஒவ்வொன்றிலும் இத்தனை பேர் என்று கணக்கு உண்டு. எளிய வாய்கள் தோழிகளிடம் கிடைத்துவிடும். காரை மண்டிய வாய்தான் அரிது. எங்கள் இருவரில் தமிழ் கற்பிப்பவர் இருபது ஆண்டுகளாகப் பல் மருத்துவரின் படியேறாதவர். விமான நிலையத்தில் அவர் சிரித்தபோதே அவள் கவனித்துவிட்டிருக்கிறாள்.

"சித்தப்பா, கீழ்ப்பல்லுக்குப் பின்பக்கம் நாக்கை வச்சுப் பாருங்க. சொரசொரன்னு இருக்கா?"

"ஆமாம்மா, எப்பவும் அப்படித்தான்."

"கும்பிட்டுக் கேக்கறேன், புதன்கிழமை வரைக்கும் அதை யாரும் தொடாம பாத்துக்கோங்க."

அந்த இடத்தில்தான் உமிழ்நீர்ச் சுரப்பியின் வாய் திறக்கிறது என்றும், உமிழ்நீரிலுள்ள சுண்ணச்சத்துதான் பல்லில் படிந்த ஊத்தையைக் கல்லாக இறுக்குகிறது என்றும் பிறகு விளக்கினாள். காரை ஒரு செல்வமாக மதிக்கப்பட்டதை அன்றுதான் கண்டோம்.

முதல் அமர்வே மூன்றரை மணி நேரம். கருவி எதையும் எடுப்பதற்கு முன் நோய் வரலாறு, உட்கொள்ளும் மருந்துகள், இரத்த அழுத்தம். பிறகு கழுத்திலும் தாடைக்குக் கீழும் விரலால் தடவி நெறிக்கட்டி உண்டா என்று பார்த்தாள். நாக்கைப் பருத்தித் துணியால் பிடித்து வெளியே இழுத்து இரு ஓரங்களையும் பார்த்தாள். கன்னத்தின் உட்புறம், அண்ணம், நாக்கின் அடி என்று ஒன்றையும் விடவில்லை. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் பேராசிரியை வந்து தாமும் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே அடுத்தது.

பின்பு அளவெடுப்பு. மில்லிமீட்டர்க் கோடுகள் பொறித்த மெல்லிய கம்பியைப் பல்லுக்கும் ஈறுக்கும் இடையே இறக்கி ஆழம் பார்க்கிறார்கள். ஒரு பல்லுக்கு ஆறு இடம். இருபத்தெட்டுப் பல்லுக்கு 168 அளவுகள். அவள் சொல்லச் சொல்ல உடன் பயிலும் மாணவி குறித்துக்கொண்டாள். "மூன்று, இரண்டு, மூன்று. மூன்று, இரண்டு, இரண்டு." யாப்பு வகுப்பில் மாணவர்கள் நேர், நிரை என்று சொல்லிக்கொண்டே போவதைப் போல ஒரே சீராக ஓடிய குரல் கடைவாய்க்கு வந்தபோது தயங்கியது. "ஐந்து, நான்கு, ஆறு." ஒன்று முதல் மூன்று வரை நலம். நான்கும் அதற்கு மேலும் என்றால் ஈறு பல்லை விட்டு விலகத் தொடங்கியிருக்கக்கூடும். ஆறு என்றால் உள்ளே எலும்பு கரைந்திருக்க வாய்ப்புண்டு. வலி இல்லை, ஆட்டம் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. பல் துலக்கும்போது எப்போதாவது தெரிகிற இரத்தத்தை நாங்கள் வெயிலின் கணக்கில் எழுதிவந்தோம்.

பழைய பாடல்களில் பல்லுக்குக் குறைவில்லை. எயிறு, முறுவல், மூரல், நகை என்று எத்தனையோ சொற்கள். ஆனால் எல்லாம் பல்லின் வெண்மையிலும் கூர்மையிலும் நின்றுவிடும். எங்கள் அண்ணன் மகளின் பாடநூல்களோ பல்லைவிட ஈறைப் பற்றி அதிகம் பேசுகின்றன. வெண்மையாகத் தெரிகிற பல் நலமான பல் என்பதற்கு உறுதி ஏதுமில்லை; அது நின்றுகொண்டிருக்கிற மண்ணைப் பார்க்க வேண்டும் என்பதுதான் அந்தப் பாடத்தின் சாரம்.

மறுவாரம் காரை எடுத்தாள். மரத்துப்போக ஊசியும் அவளே போட்டாள். அந்த ஊசியை முதலில் மாணவிகள் ஒருவர் வாயில் ஒருவர் போட்டுத்தான் பழகுகிறார்கள் என்பதைப் போட்ட பிறகு சொன்னாள். கருவிகளில் கிளேட்டன் கிரேஸி என்ற பல் மருத்துவரின் பெயரால் வழங்கும் ஒரு வரிசை உண்டு. கடைவாய்ப் பல்லின் முன்பக்கத்துக்கு ஒன்று, பின்பக்கத்துக்கு வேறொன்று என்று ஒவ்வொன்றும் தனக்குரிய முகத்துக்கு மட்டும் வளைந்திருக்கிறது. ஈறுக்கு அடியில் கண் போகாது. விரல்நுனிதான் படிக்க வேண்டும். இறுகப் பிடித்தால் விரலுக்கு ஒன்றும் தெரியாது, ஆகவே கருவியை மெல்லப் பிடிக்கவே ஒரு பருவம் முழுதும் பொம்மைத் தலைகளில் பழகினாளாம். மழுங்கிய கருவியைப் பற்றி அவள் சொன்னது மறக்கவில்லை. அது காரையை எடுக்காது. மேற்பரப்பை வழவழப்பாக்கிவிட்டு விட்டுவிடும். தொட்டுப் பார்ப்பவருக்குச் சுத்தமானதுபோலவே இருக்கும். உள்ளே நோய் அப்படியே வளரும். அதனால் இரவில் அடுப்படி மேசையில் உட்கார்ந்து, கல்லில் எண்ணெய் விட்டுக் கருவிகளைத் தீட்டிக்கொண்டிருப்பாள்.

காரை எடுத்தால் பல் ஆடிவிடும் என்பது எங்கள் ஊரின் உறுதியான நம்பிக்கை. அதையும் கேட்டோம். எலும்பு கரைந்த இடத்தைக் காரை நிரப்பிக்கொண்டு பல்லை முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கும். அதை எடுத்ததும் ஏற்கனவே இருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது என்றாள். நோயையும் அதைக் காட்டிக்கொடுப்பவரையும் குழப்பிக்கொள்வது பல்லோடு நிற்கிற பழக்கம் இல்லை என்று எங்களுக்குத் தோன்றியது.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவள் இன்னொன்றைக் கேட்டாள். "பாட்டி வாய்க்குள்ள யாராவது எப்பவாவது பாத்தாங்களா, அப்பா?"

எங்கள் அம்மா வெற்றிலையோடு புகையிலையும் போடுகிறவர். 2011இல் கன்னத்தின் உட்புறப் புற்றுநோயால் இறந்தார். வாய் முழுதாகத் திறக்க முடியாமல் போன பிறகுதான் மருத்துவரிடம் காட்டினோம். புகையிலை சேராத வெற்றிலை பாக்கும்கூடப் புற்றுநோய் விளைப்பது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் வெளியிட்ட மதிப்பீட்டில் வகைப்படுத்தியிருக்கிறது. அந்தச் செய்தி அம்மாவின் சுருக்குப்பையை எட்டவில்லை. இந்தியாவில் அதிகமாகக் காணப்படும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோயும் ஒன்று. பல சமயம் அது ஆறாத புண்ணாகவோ வெள்ளைத் திட்டாகவோ தொடங்குகிறது. விளக்கைப் பிடித்துப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியக்கூடிய நோய். இரண்டாம் ஆண்டுப் பாடத்தில் அந்தப் படங்களைப் பார்த்தபோது அவளுக்குப் பாட்டி நினைவு வந்திருக்கிறது. "நோய் இன்னதுன்னு சொல்ற அதிகாரம் எனக்குக் கிடையாது. ஆனா பாத்து, எழுதி, டாக்டர்கிட்ட அனுப்பறது என் வேலை. ஒவ்வொரு வாயையும், ஒவ்வொரு தடவையும்." அண்ணன் பதில் சொல்லவில்லை. தட்டைக் கழுவப் போனவர் வெகுநேரம் அங்கேயே நின்றார்.

இவை எல்லாம் மூன்றாண்டுப் படிப்பிலும் உண்டு. நண்பரின் கேள்வி அப்படியே நிற்கிறது. இன்னும் ஓர் ஆண்டு எதற்கு?

கூடுதலான அந்தப் பாடங்களின் பட்டியலில் ஆய்வு முறை, பொதுச் சுகாதாரம், கற்பித்தல் முறை, புள்ளியியல் இவை இருந்தன. ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் பார்ப்பதிலிருந்து, நாற்காலிக்கு வராத பலரைப் பற்றிச் சிந்திப்பதற்கு நகர்த்துகிற பாடங்கள். பொதுச் சுகாதாரப் பாடத்துக்கு ஏதேனும் ஒரு மக்கள் குழுவைத் தேர்ந்து, தேவையை அறிந்து, திட்டம் வகுத்து, நடத்தி, பயனை அளக்க வேண்டும். அவள் தேர்ந்த குழு, பிள்ளைகளைப் பார்க்க ஆறு மாத விசாவில் வரும் தமிழ்நாட்டுப் பெற்றோர். பயண மருத்துவக் காப்பீடு வழக்கமான பல் பராமரிப்பைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. வலி வந்தாலும், பிள்ளைக்குச் செலவு வைக்கக்கூடாது என்று கிராம்பை வைத்துக் கடித்துக்கொண்டு ஊர் திரும்பும் நாளை எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

அவர்களுக்கென்று தமிழில் ஒரு துண்டறிக்கை தேவைப்பட்டது. கணினி தந்த மொழிபெயர்ப்பைக் கொண்டுவந்து காட்டினாள். அதில் ஈறு 'பசை' ஆகியிருந்தது. பல்லில் படிவது 'தகடு' ஆகியிருந்தது. "பசையில் இரத்தம் வந்தால் தகட்டை அகற்றவும்" என்ற வரியை வாய்விட்டுப் படித்துச் சிரித்து முடிக்கவே கொஞ்ச நேரமாயிற்று. பிறகு உட்கார்ந்து திருத்தினோம். ஈறு, காரை, கடைவாய்ப்பல் என்று எல்லாவற்றுக்கும் வீட்டுச் சொல் இருந்தது. பல்லிடுக்கில் விட்டு இழுக்கும் நூலுக்குப் 'பல்லிழை' என்று வைத்தோம். படிவுக்கு 'ஊத்தை' என்று எழுதினோம். பழைய சொல், எல்லோருக்கும் புரிகிற சொல் என்பது எங்கள் வாதம்.

கோயில் மண்டபத்தில் ஒரு சனிக்கிழமை அதைப் படித்துப் பார்த்த மூதாட்டி ஒருவர், "ஊத்தை வாயின்னு என் மாமியார் திட்டுவாங்கம்மா. இது எதுக்கு இதுல?" என்றார். அவள் உடனே பேனாவை எடுத்து அடித்துவிட்டு, 'பல்லில் படியும் பிசுபிசுப்பு' என்று எழுதினாள். கூச்சப்பட வைத்தால் வாயைத் திறக்க மாட்டார்கள் என்பது அவளுக்குப் பாடமாகவே சொல்லித் தரப்பட்டிருக்கிறது. சொல்லின் தொன்மையைப் பார்த்தவர்கள் நாங்கள். சொல் படுகிற இடத்தைப் பார்த்தவள் அவள்.

இன்னொரு பெரியவர், தம் காலத்தில் வேப்பங்குச்சிதான், பல் இன்றும் இரும்பு என்றார். குச்சியால் பல் துலக்கும் வழக்கம் ஆசாரக்கோவையிலேயே இருக்கிறது. அந்நூல் அதைக் 'கோல்' என்கிறது. ஆலையும் வேலையும் பல்லோடு சேர்த்த பழமொழியையும் நாம் அறிவோம். அவள் மறுத்துப் பேசவில்லை. "நல்லதுதான் தாத்தா. அந்தக் குச்சி கடைசிப் பல்லுக்குப் பின்னாடி போகுமா?" என்று கேட்டாள். அவர் நாக்கால் துழாவிப் பார்த்தார். "அங்க போகாதும்மா." "அங்க மட்டும் பிரஷ்ஷை விட்டுக்கலாமா?" அவ்வளவுதான் உரையாடல். கற்பித்தலில் பத்தொன்பது ஆண்டு கழித்தவருக்கும் அதில் கற்றுக்கொள்ள இருந்தது.

நம் நாட்டின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. இந்தியாவில் இந்தத் தொழிலுக்குச் சட்டத்தில் இடம் இல்லாமலில்லை. 1948ஆம் ஆண்டின் பல் மருத்துவர்கள் சட்டமே, பல்லைச் சுரண்டித் தூய்மை செய்து மெருகேற்றுபவர் அல்லது வாய்த் தூய்மை பற்றிக் கற்பிப்பவர் என்று இவரை வரையறுத்து, இவருக்குத் தனிப் பதிவேட்டையும் வகுத்தது. இரண்டாண்டுப் பட்டயப் படிப்பும் நடந்துவந்திருக்கிறது. அச்சட்டத்துக்கு மாற்றாகத் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம் 2023இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஆயினும் நம் ஊர்க் கிளினிக்கில் காரை எடுப்பவர் பெரும்பாலும் பல் மருத்துவரேதான். ஐந்தாண்டு படித்து வேலை தேடும் இளம் மருத்துவர்கள் நிறைய இருக்கையில் தனியே ஒருவரை யார் அமர்த்துவார்? காப்பது ஒரு தனி வேலை என்ற எண்ணமே இங்கே வேர்கொள்ளவில்லை. வலி வந்தால் போகிறோம், பிடுங்கிவிட்டு வருகிறோம். ஓட்டையை அடைப்பவர் கண்ணுக்குத் தெரிகிறார். ஓட்டை விழாமல் பார்த்துக்கொண்டவர் செய்த வேலைக்குக் காட்டுவதற்கு ஒன்றும் இருப்பதில்லை. ஒன்றும் நேரவில்லை என்பதே அவர் வேலையின் விளைவு.

நடுவில் நிற்கிற பட்டம் யாருக்கு என்ற கேள்விக்கு நாங்கள் கண்ட விடை இதுதான். ஃபோன்ஸின் கொட்டகையில் பாடம் சொன்னவர்கள் மருத்துவர்களும் பேராசிரியர்களும். கேட்டவர்கள் அந்தப் பெண்கள். அந்த உரைகள் தொகுக்கப்பட்டு 1916இல் நூலாகவும் வந்தன. தொழிலுக்கு வேண்டிய அறிவு அனைத்தும் வெளியிலிருந்து இரவலாக வந்தது. இன்று அமெரிக்காவில் இந்தத் துறையைக் கற்பிப்போர் பெரும்பாலும் அதே துறையில் கற்றவர்கள். கற்பிப்பதற்கு இளநிலைப் பட்டமாவது வேண்டும் என்பது அங்கே தகுதி விதி. உரிமம் ஒருவரைத் தொழிலாளி ஆக்குகிறது. அடுத்த தலைமுறைக்குச் சொல்லித்தரவும், சொல்லித்தருவது சரிதானா என்று ஆராயவும் ஆள் இருந்தால்தான் தொழில் ஒரு துறையாகிறது. தன் ஆசிரியரைத் தானே உருவாக்கிக்கொள்ளாத தொழிலுக்கு வேறு யாரோதான் எல்லை வகுப்பார்கள். ஒஹையோவில் நேர்ந்தது அதுதான். 1923இல் அவர்களுக்கெனத் தேசியச் சங்கம் உருவானதும், மருத்துவரின் மேற்பார்வை இன்றித் தனியே பணியாற்ற 1987இல் கொலராடோ மாநிலம் வழிவிட்டதும் ஒரே நாளில் நடந்தவை அல்ல.

தமிழ் படித்தவர்களுக்கு இதை விளங்கிக்கொள்வது கடினமில்லை. ஒரு பாட்டைச் சுவைக்கப் பட்டம் வேண்டியதில்லை. பட்டம் பெறாத எத்தனையோ பேர் எங்களைவிட நன்றாகச் சுவைப்பவர்கள். ஆயினும் பாடபேதம் பார்க்கவும், பழைய உரையோடு மல்லுக்கட்டவும், அதை இன்னொருவருக்குக் கைமாற்றவும் ஆண்டுக்கணக்கில் உட்கார யாராவது வேண்டியிருக்கிறது. அந்த உட்கார்தலுக்குச் சந்தையில் விலை குறைவு. "இதுக்கா இத்தனை வருஷம்?" என்று கேட்பவர்களிடம் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது.

ஊர் திரும்புவதற்கு முன், ஐந்து வாரம் கழித்து, அவள் மீண்டும் அளந்தாள். கடைவாயில் ஆறு நான்காகியிருந்தது. பேராசிரியை சரிபார்த்துக் கையெழுத்திட்டார். கரைந்த எலும்பு திரும்பி வராது, ஈறு இறுகியிருக்கிறது, இனி இது உங்கள் கையில் என்றாள். இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை எங்கள் ஊர் மருத்துவரிடம் போகிறோம். உள்ளே விளக்கைப் பிடித்துக் கன்னங்களையும் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம். முதல் முறை அவர் சற்று வியப்போடு பார்த்தார்.

2024 மே மாதம் அவள் பட்டம் பெற்றாள். தேசியத் தேர்வும் கிளினிக்குத் தேர்வும் முடித்து உரிமம் வாங்கினாள். வாரத்தில் நான்கு நாள் ஒரு சமுதாய மருத்துவ மையத்தில் வேலை. 2025 இலையுதிர்காலத்திலிருந்து ஐந்தாம் நாள் ஒரு கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்குப் பயிற்றுநர். அண்ணனுக்கு 'டாக்டர்' என்ற ஆசை முழுதும் போய்விட்டது என்று சொல்ல மாட்டோம். ஆனால் தம் நண்பர்களின் பெற்றோர் ஊரிலிருந்து வந்தால், துண்டறிக்கையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்ப் பார்க்கிறார்.

முதல் வகுப்பில் என்ன நடத்தினாய் என்று கேட்டோம். கருவி எதையும் தொட விடவில்லையாம். எல்லோர் கையிலும் ஒரு பென்சிலைக் கொடுத்து, மெல்லப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தாளாம்.